மாப்பிள்ளைக்கு ஊதா சீஸ்

"பொண்ணு கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு கதவைச் சாத்தினது யாரு? நானா?"

"அதுக்காக ஸ்ட்ராபெரியை நான்தான் நறுக்கணுமா? நீ ஒரு கை..."

"வைக்க மாட்டேன். மாப்பிள்ளைக்கு சீஸும் பழமும்னா உயிராம், பொண்ணு போன்ல சொன்னா. நீங்க உங்க கையால செஞ்சு வச்சாதான் அவர் மனசு ஆறும்."

மனைவி கறாராகச் சொல்லிவிட, தையற்காரர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். சீஸ் வாசனை வந்தாலே எழுந்து வாசலுக்குப் போகிறவர் அவர். இரண்டு வருஷமாக மகளோடு பேசாதவரும் அவர்தான். இன்று சாயங்காலம் அவள் புருஷனோடு முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறாள்.

"என்னடி இந்த சீஸ், தண்ணியா ஓடுது?"

"துணியில கட்டிப் பிழியணும்."

துணி என்றதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. அளந்து, வெட்டி, ஓரம்கூட அடித்து ஒரு பை தைத்துக்கொண்டு வந்தார். பிழிந்தார். பிரித்தார். சீஸ் நீலமாக இருந்தது.

"கோட்டுக்கு உள்ள வைக்கிற லைனிங் துணியா?"

"புதுத் துணிதானே!"

"புதுசுதாங்க சாயம் போகும். முப்பது வருஷமா என்னத்தைத் தைக்கிறீங்க?"

மேலாகச் சுரண்டி எறிந்தார். பாதிதான் மிஞ்சியது. மிச்ச நீலத்தை மறைக்கப் பழத்தை மசித்துக் கொட்டினார். ஊதாவாயிற்று, மறுபடி தண்ணீர் விட்டது. இறுகட்டும் என்று ஃப்ரீஸருக்குள் தள்ளினார். எடுத்தபோது தட்டோடு ஒட்டிக் கல்லாகக் கிடந்தது. கத்தி வளைந்ததுதான் மிச்சம். கடைசியில் தமக்குத் தெரிந்த வைத்தியத்துக்கே வந்தார். தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார்.

"சீஸுக்கு இஸ்திரி போட்ட முதல் ஆளு நீங்கதான்!"

நடுவில் கல்லும் ஓரத்தில் குழம்புமாக அது கழன்று விழவும், அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மகளோடு தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்த அவள் புருஷன் முன் தட்டை வைத்தார்.

"நானே செஞ்சேன், மாப்பிள்ளை."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை தலை நிமிராமல், மெல்லாமல், மடமடவென்று விழுங்கினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"பிரமாதம், மாமா."

தையற்காரர் தட்டை இன்னும் அவர் பக்கம் நகர்த்தினார். இன்னொரு கரண்டி வைத்தார்.

அதையும் முடித்துவிட்டு மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "உங்களுக்கு சீஸும் பழமும்னா உயிராமே, மாமா. மூணு தடவை கெட்டுப்போச்சு. இது நாலாவது. என் கையால செஞ்சது."

தையற்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளோ பாத்திரம் விளக்கப் போய்விட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"ஆஹா!" என்றார், கண் கலங்க.

மாமனாரும் மாப்பிள்ளையும் மாறி மாறிப் பரிமாறிக்கொள்ள, மகள் அடுப்படிக்குள் வந்து அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள்:

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, அப்பாவுக்கு சீஸ்னா உயிர்னு நானும் அவர்கிட்ட பொய் சொல்லிட்டேன்மா. ஆனா அப்பா மாதிரியே அவருக்கும் சீஸ்னா குமட்டும். போதும்னு நிறுத்திடலாமா, இல்ல ஆளுக்கு இன்னொரு கரண்டி வைக்கவா?"