மாரிஸ் காருக்கு ஒரே ஓட்டுநர்

மைத்துனன் ஜெயபாலனின் கை அந்த ஸ்டீயரிங்கில் படவே கூடாது. காஜா பெராங்கில் குடியிருக்கும் நல்லையா இப்படி ஒரு சபதம் எடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, ஜூலை மாதத்தில்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. முப்பத்தோரு வயதான மாரிஸ். கப்பலேறி ஊர் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போனது. மேலே கூரை கிடையாது. முன்னால் இரண்டு பித்தளை விளக்குகள், வலது கதவோரம் ரப்பர் குமிழ் வைத்த ஹாரன். அமுக்கினால் ஆற்றங்கரை வரை கேட்கும். நல்லையா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறுவார். இத்தனை வருஷம் ஓடிய இரும்பு இன்னும் மூச்சு விடுகிறதே என்று மலைத்துப்போவார்.

மெர்டேக்கா என்கிற சுதந்திர தினத்தன்று பண்டார் ஹிலிர் பாடாங் மைதானத்தைச் சுற்றிப் பழைய கார்களின் ஊர்வலம். அதில் தன் காரைத் தானே ஓட்டவேண்டும், ஹாரனையும் தானே அமுக்கவேண்டும். வாழ்க்கையில் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

குறுக்கே நின்றவன் ஜெயபாலன். டாக்சி ஓட்டுகிறவன். செவ்வாயும் வியாழனும் தன் அக்காளும் நல்லையாவின் மனைவியுமான சந்திரமதியைத் தையல் வகுப்புக்கு ஏற்றிப்போக வருவான். வந்தால் மாரிஸைத் தடவாமல் போகமாட்டான்.

"மாமா, ஊர்வலத்துல கூட்டம் நெருக்கும்லா. நான் ஓட்டுறேனே."

"நீ உன் டாக்சிய ஓட்டு."

மூன்று மாதத் தையல் வகுப்பில் ஒரு ரவிக்கைகூட வீட்டுக்கு வரவில்லை. அதை நல்லையா கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் காரின் மேல்தான்.

இதில் இன்னொரு சிக்கல், கார் சந்திரமதியின் பெயரில் இருந்தது. வாங்கும்போது நல்லையாவுக்கு ஏழரைச் சனி. "உங்க பேர்ல வாங்கினா தங்காதுங்க" என்றாள். அவரும் சரியென்றார். சம்பிரதாயம் என்றால் அவருக்கு உயிர். கல்யாணமான பதினேழு வருஷத்தில் சந்திரமதி ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். நல்லையா வேலை பார்த்த வக்கீல் ஆபீஸில் இந்தப் பெருமையைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தேவதாஸ் வந்தார். காரைச் சுற்றி வந்துவிட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு வகை இருக்குங்க. முதல் வகையில லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். ஆனா நொறுங்கினா பழைய இரும்பு விலைதான் தருவாங்க."

"இதையா பழைய இரும்புங்கிறீங்க?" என்றார் நல்லையா.

"அதான் ரெண்டாவது வகை. அபூர்வ வண்டிக்குன்னே உள்ளது. மதிப்ப இப்பவே பேசி முடிச்சுடுவோம். ஆனா பூட்டு போட்ட கொட்டகை வேணும். காய்கறி வாங்கப் பாசாருக்கெல்லாம் எடுக்கக்கூடாது, விசேஷத்துக்கு மட்டுந்தான். அப்புறம், ஒரே ஆளுதான் ஓட்டணும். பேர் எழுதிக் குடுத்த ஆளு."

"ஒரே ஆளா?"

"ஒரே ஆளு. வருஷம் முடியிற வரைக்கும் மாத்த முடியாது."

"மைத்துனன்?"

"ஓட்டினா பாலிசி செல்லாது."

நல்லையாவுக்கு எழுந்து கும்பிடலாம் போலிருந்தது. ஆபீஸில் எத்தனையோ பத்திரம் எழுதியிருக்கிறார், இப்படி ஒரு அழகான நிபந்தனையைப் பார்த்ததில்லை. தேவதாஸ் சொன்ன நாலோடு தானும் மூன்று சேர்க்கச் சொன்னார். ஐந்து, மற்றவர்கள் பின் சீட்டில்தான் உட்காரவேண்டும். ஆறு, ஓட்டுநரைத் தவிர யாரும் ஹாரனைத் தொடக்கூடாது. ஏழு, ஓட்டுநருக்கு யாரும் யோசனை சொல்லக்கூடாது.

"எங்க கம்பெனி வக்கீலுக்கே இவ்ளோ தோணாதுங்க" என்றார் தேவதாஸ். "சுத்தமா எழுதி நாளைக்குக் கொண்டாறேன். ஓட்டுநர் பேர மட்டும் வண்டிச் சொந்தக்காரம்மா தன் கையால எழுதணும்."

"நான் ஆபீஸ்ல இருப்பேன். அவ எழுதிடுவா."

காப்பி கொண்டுவந்த சந்திரமதி கேட்டாள். "ஒரே ஆளுதானாங்க?"

"ஒரே ஆளுதான்."

"நல்லதுங்க" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவு அடக்கமான மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நல்லையா பூரித்துப்போனார்.

பத்து நாளில் பாலிசி வந்தது. கை கழுவிவிட்டுப் பிரித்தார். ஓட்டுநர்: சந்திரமதி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்திரமதியேதான்.

"இங்க என் பேருல்ல இருக்கணும்?"

"இருக்கணுந்தாங்க. ஆனா என் கையால எழுதணும்னாரே. வாயால சொன்னாலே ஆயுசு குறையும்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க. எழுதினா என்ன ஆவுறது? அதுவும் ஏழரையில?"

நல்லையா பாலிசியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி பேர எழுதலாம்னு பாத்தேன். உங்களுக்குப் பிடிக்காதேன்னு விட்டுட்டேன்."

"அதுக்கு உன் பேரா? உனக்கு என்ன ஓட்டத் தெரியும்?"

சந்திரமதி தையல் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். ஊசி இல்லை, நூல் இல்லை. அவள் படம் ஒட்டிய லைசென்ஸ் மட்டும் இருந்தது.

"செவ்வாயும் வியாழனும் தம்பி டாக்சியிலதான் பழகினேன். அவனுக்கு உங்க காரு மேல ஆசையே இல்லீங்க. அவன் கேட்டாத்தான் நீங்க ஒரே ஆளு பாலிசிக்குப் போவீங்கன்னு நாந்தான் கேக்கச் சொன்னேன். ஏஜெண்டும் அவன் சொல்லித்தான் வந்தாரு, தினமும் அவன் டாக்சியிலதான் வேலைக்குப் போறாரு."

பதினேழு வருஷமாகத் தன் வீட்டில் ஒரு பெரிய வக்கீல் சமைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் நல்லையாவுக்குத் தெரிந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் வியப்புதான் வந்தது.

மெர்டேக்கா அன்று காலை ஜெயபாலன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். நல்லையா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின் சீட்டில் ஏறினார். பழங்கள் நசுங்கின. மாரிஸ் நகர்ந்தது. அவர் ஓட்டினால் மூன்று முறை குலுங்கித்தான் கிளம்பும். இவளுக்குக் குலுங்கவே இல்லை.

பாடாங்கில் ஜனக்கடல். அத்தனை காரிலும் ஓட்டுகிற பெண் அவள் ஒருத்திதான். முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் கியர் மாற்றியதைப் பார்த்துச் சனங்கள் கை தட்டினார்கள். நல்லையாவும் தட்டினார். இது தன் காரா, தன் மனைவியா என்று அவராலேயே நம்ப முடியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் கை தானாக முன்னால் நீண்டு, ஹாரன் குமிழை நெருங்கியது.

"ஆறு" என்றாள் சந்திரமதி, திரும்பாமல்.

கையை இழுத்துக்கொண்டு, இடது பக்கம் கொஞ்சம் பார்த்துப் போ என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஏழு" என்றாள்.