பதினெட்டு கார்பனும் என் மூன்று மணி நேர பர்மனென்டும்

எனக்குத் தெரியாத விஷயங்களில் நான் ஒருபோதும் தயங்கியதில்லை. தெரிந்த விஷயத்தில்தான் சந்தேகம் வரும். இந்தக் குணத்தோடு எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு, குடியாத்தத்தில் தறி, மாதனூர் பக்கம் கரும்பு வெட்டு, லாரியில் கிளீனர் என்று சுற்றிவிட்டு, எண்பதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வந்து ஒதுங்கினேன்.

முதலில் செலக்‌ஷன் மேஜை. தோலை விரித்து, தடவி, மடித்து, தரம் பிரிக்கிற வேலை. கை நல்ல கை என்றார்கள். (தலையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.) பிறகு சோதனைக்கூடத்தில் கிரேஸ் மேடத்துக்கு உதவியாள். தினக்கூலிதான். பர்மனென்ட் ஆனால் பெண் தருவதாகப் பள்ளிகொண்டாவில் ஒரு குடும்பம் சொல்லியிருந்தது.

சோதனைக்கூடத்தில் ஒரு இயந்திரம் இருந்தது. தோலிலிருந்து இறக்கிய சாற்றை ஊசியால் ஏற்றினால், மெத்தனாலும் தண்ணீரும் அதை ஒரு எஃகுக் குழாய் வழியாகத் தள்ளும். குழாய்க்குள் அடைத்திருக்கும் பொடி ஒவ்வொரு பொருளையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, பிறகு விடும். தோலில் பூஞ்சை வராமல் போடும் விஷ மருந்து ஒன்று உண்டு. அது இருந்தால் எட்டாவது நிமிடம் பேனா காகிதத்தில் ஒரு மலை வரையும். மலை வந்தால் சரக்கு வேண்டாம் என்று ஜெர்மனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

மேடம் தங்கை கல்யாணத்துக்குப் பாகாயம் போனார். அன்றே குழாய் அடைத்துக்கொண்டது. மேனேஜர் ஜமால் பாய் ஓடி வந்தார்.

"இன்னாப்பா தேவராஜ், மெஷின் நின்னுபோச்சாமே? நாளைக்கு லாரி ஏத்தணும். பேஜாரா போச்சே!"

"அலமாரில புதுக் குழா ரெண்டு இருக்கு பாய். ஒண்ண மாட்டிடறேன்."

"எது நல்லதுன்னு உனக்குத் தெரியுமா?"

"செலக்‌ஷன்ல ரெண்டு வருஷம் நின்னவன் பாய் நானு."

ஒரு குழாய், அடைத்துக்கொண்ட பழையதைப் போலவே, கைப்பிடி நீளம், மேலே எட்டு என்று போட்டிருந்தது. இன்னொன்று முழங்கை நீளம், பதினெட்டு. பொடியின் மேல் ஒட்டியிருக்கும் கார்பன் வாலின் நீளம் அது, வால் நீண்டால் எண்ணெய்ப் பசையுள்ளதை எல்லாம் இன்னும் இறுக்கிப் பிடிக்கும் என்று மேடம் ஒருமுறை சொல்லியிருந்தார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தேன். கட்டைவிரலால் தடவினேன். முகர்ந்தும் பார்த்தேன். (வாசனை இல்லை. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.) சாயத்தை விடாமல் பிடிக்கிற தோல்தான் எங்கள் மேஜையில் முதல் தரம். பிடிப்பு ஜாஸ்தி என்றால் சரக்கு உசத்தி. பதினெட்டை மாட்டினேன்.

மூன்று சாம்பிள். மேடம் எழுதி வைத்தபடி ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம். தொடக்கத்தில் பேனா சின்னதாக நெளிந்தது. அப்புறம் கோடு, ரூல் தடி வைத்துப் போட்டதுபோல. மூன்றும் அப்படியே. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காகிதத்தை பாயிடம் கொடுத்தேன்.

"மாஷா அல்லா! ஒரு சொட்டு விஷம் இல்ல!" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பர்மனென்ட் லெட்டர் கையில் வந்தது. பள்ளிகொண்டாவுக்குக் காட்ட வேண்டுமே என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். வாசலில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு மேடம் வந்தார், தலையில் கல்யாணப் பூ இன்னும் வாடவில்லை. காகிதத்தைப் பார்த்தார்.

"ஸ்டாண்டர்டு போட்டுப் பாத்தியா?"

ஸ்டாண்டர்டு என்பது அந்த விஷத்தையே கரைத்து வைத்த புட்டி. அதை முதலில் ஏற்றி, மலை எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்வார்கள்.

"புதுக் குழா மேடம். அதுல போய் நானே விஷத்த ஊத்துவனா?"

மேடம் திட்டவில்லை. குழாயின் மேல் இருந்த எண்ணைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஊசி எதுவும் போடாத. பம்ப்ப மட்டும் ஓட விடு. பாயக் கூப்பிடு."

பாய் டீ கிளாசோடு வந்து நின்றார். பத்து நிமிடம் நேர்கோடு. பிறகு பேனா மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"ஊசியே போடலையேம்மா, எப்படி ஏறுது?"

"நேத்து போட்டது பாய். இந்தக் குழா லேசுல விடாது. இப்பதான் வெளிய வருது."

கால் மணி கழித்து இரண்டாவது மலை. பாய் ஜன்னலில் தலையை நீட்டி, "லாரிய நிறுத்துடா!" என்று கத்தினார். மூன்றாவது மலை உச்சிக்குப் போனபோது பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. பாய் என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"லெட்டரக் குடு."

உறையோடு கொடுத்தேன். உறையைத் திருப்பித் தந்துவிட்டார். (நியாயமான மனிதர்.)

சரக்கு தப்பித்தது. நான் மறுபடியும் செலக்‌ஷன் மேஜைக்குப் போனேன், ஆறு மாதத்தில் அங்கிருந்தும் கிளம்பினேன். அதற்கு முன்னால் பள்ளிகொண்டாவுக்குப் போய், வெறும் உறையைக் காட்டி நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெண்ணின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடங்கவே இல்லை.

சிரித்தவளோடுதான் இத்தனை வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பையனிடம் ஒரு குறையும் கிடையாது என்றபோது, "ஸ்டாண்டர்டு போட்டுப் பாத்தாங்களான்னு கேளுங்க" என்று என் காதில் சொன்னாள். அன்று சம்பந்தி என்னிடம், நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பர்மனென்ட் வேலைதாங்க. காலைல ஒம்போதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்."