மேல்வரிசையும் கீழ்வரிசையும் சமம்

பல்லுக்குப் போட எந்தக் கம்பி உசத்தி என்று கண்டுபிடிக்க, எங்கள் அரசு பல் மருத்துவமனையில் உயர்மட்டக் குழு ஒன்று அமைத்தார்கள். நல்ல விஷயம்தானே? குழுவுக்குத் தலைவர் கிடைத்தார், மேசை கிடைத்தது, மேசைக்கு விரிப்பும் கிடைத்தது. கோணல் பல்தான் கிடைக்கவில்லை. அது என் தங்கச்சி வாயில் இருந்தது.

தங்கச்சி போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களையெல்லாம் பல் தெரியச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுவாள்; தான் மட்டும் உதட்டைப் பிரிக்கவே மாட்டாள். ஒரு நாளாவது வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பார்க்கப் பாவமாக இருக்கும். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

மேல்வரிசைக்கு நிக்கல்-டைட்டானியம் கம்பி, கீழ்வரிசைக்கு ஸ்டீல் கம்பி. ஒரே வாய், ஒரே எச்சில், ஆகவே பாரபட்சமற்ற ஒப்பீடு என்று தலைவர் விளக்கினார். நிக்கல் கம்பியைச் சும்மா சொல்லக்கூடாது. எப்படி வளைத்து மாட்டினாலும் பழைய வடிவத்துக்கே திரும்புவேன் என்று அடம்பிடித்து, பல்லையும் கூடவே இழுத்து வந்துவிட்டது. மேல்வரிசை நேராகியும் கீழே ஸ்டீல் கம்பி ஆபீஸ் ஃபைல் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தலைவருக்கோ முகம் சுண்டிப்போனது.

“இப்படி ஒண்ணு முந்திக்கிட்டா அப்புறம் எப்படிம்மா ஒப்பிடுறது? மேல்வரிசை கொஞ்சம் காத்திருக்கட்டும்” என்றார்.

காத்திருப்பதற்காக மேல் கம்பியைக் கழற்றினார்கள். பல்லுக்கு அரசாணை தெரியுமா? அது பாட்டுக்குப் பழையபடி கோணிக்கொண்டது. அதற்குள் கீழ்வரிசை நேராகிவிட்டது. நீதி எல்லோருக்கும் ஒன்றுதானே, அந்தக் கம்பியையும் கழற்றினார்கள். நான் போய்க் கத்தினேன். அதைப் ‘பொதுமக்கள் கருத்து’ என்று எழுதிக்கொண்டு டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய?

கடைசியில் இரண்டு வரிசையும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. மேற்படி இரு கம்பிகளுக்கும் இடையே யாதொரு வேறுபாடும் காணப்படவில்லை என்று தலைவர் எழுந்து நின்று வாசித்தார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

தங்கச்சி கண்ணாடியை வாங்கிப் பல்லைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு! கோணல் பல் அத்தனையும் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குழு ஆடிப்போனது. இந்தப் பக்கவிளைவு ஸ்டீலால் வந்ததா, நிக்கலால் வந்ததா என்று உறுப்பினர்களுக்குள் வாய்ச்சண்டை.

“எதனாலம்மா சிரிக்கிறே?” என்று கேட்டார் தலைவர்.

“உங்களாலதான் சார்.”

நோயாளி முழுத் திருப்தி என்று பதிவு செய்தார்கள். விஷயம் வெளியே கசிந்துவிட்டது. அந்தக் கம்பியைப் போட்டால் கவலையெல்லாம் மறந்து சிரிக்கலாமாம். மறுநாள் மருத்துவமனை வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பாதிப் பேருக்குப் பல் முத்து முத்தாக இருந்தது. எந்தக் கம்பி வேண்டுமென்று யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். ஆனால் நான் விடியும் முன்பே போய்விட்டதால், தலைவரின் சம்சாரத்துக்கு அடுத்த இடம் எனக்குக் கிடைத்தது.