கரும்புக்குள் ஒளித்த கிட்டார்

கூச்சப்படுகிறவர்களை ஊரில் சிக்கனக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. கூச்சத்தைப் போலச் செலவு பிடித்த குணம் வேறு கிடையாது. கடையில் விலை குறைத்துக் கேட்க எனக்கு வாய் வராது. ஒரு தடவை பனவடலிசத்திரத்தில் இறங்க வேண்டியவள், பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சத்தம் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் யாரோ இறங்கும்போது கூடவே இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். (அந்த ஆட்டோவிலும் வீட்டைத் தாண்டித்தான் இறங்கினேன்.) இப்படி நான் செய்த செலவுகளில் பெரிய செலவு ஒரு கிட்டார்.

அறுபத்தாறு வயதில் கிட்டார் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் சர்ச்சில் மாதர் சங்கத்தில் இருக்கிற ஒவ்வொருத்தியும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது செய்தாக வேண்டும். சாட்சி சொல்லலாம், ஜெபம் பண்ணலாம், தனியாகப் பாடலாம். எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. முப்பது வருஷமாக என் முறை வரும்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு காய்ச்சலில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தபோது, அதில் ஒருவர் கிட்டார் வாசித்தார். பாட்டு முடிகிற வரைக்கும் அவர் வாயைத் திறக்கவே இல்லை. இது எனக்கென்றே செய்த வாத்தியம் என்று தோன்றியது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கிட்டாருக்கு இங்கிலீஷில் ஏழு எழுத்து தெரிந்தால் போதும் என்று போன் வாத்தியார் சொன்னார். அந்த ஏழும் எனக்கு வரும்.

எதை வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டு கட்சியானது. என் மகன் செல்வின் திருநெல்வேலியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறான். எதையும் விசாரிக்காமல் வாங்க மாட்டான். அவன் விசாரித்து முடிப்பதற்குள் அந்தச் சாமான் கடைக்கு வருவதே நின்றுவிடும்.

"எம்மா, வாங்குனா நல்லதா ஒண்ணு வாங்கணும். மதுரையில பாத்து வச்சிருக்கேன், பன்னெண்டாயிரம். மட்டமானத வாங்குனிய, விரல் புண்ணாகி ஒரே மாசத்துல மூலையில போட்டுருவிய. கொஞ்சங்கொஞ்சமா சேத்து வைங்க."

என் வீட்டுக்காரர் எதிர்க்கட்சி. அவர் தறிப்பட்டறையில் மிஷின் பார்த்து ஓய்ந்தவர். அதிகம் பேச மாட்டார்.

"சேக்கட்டும், சேக்கட்டும். சேத்து முடிச்சு வாங்கி, கல்லறைக்குள்ள வச்சு வாசிக்கட்டும்" என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"எப்பா, நான் சீரியஸா சொல்லுதேன்."

"நானும் அதத்தாம்ல சொல்லுதேன்."

நானும் தறிக்கு நூல் சுற்றி, தார் போட்டுப் பிழைத்தவள்தான். மலிவு நூலைப் போட்டால் அறுந்து அறுந்து தறி நின்றுகொண்டே இருக்கும், மிச்சம் பிடித்த காசு முடிச்சுப் போடுகிற நேரத்தில் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதனால் மகன் பேச்சுப்படி ஒரு பிஸ்கட் டப்பாவில் மதுரைக் கிட்டாருக்குப் பணம் சேர்த்தேன். ஐயாயிரம் வரை சேர்ந்தும்விட்டது.

பிறகு ஒரு நாள் ரத வீதியில் கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும் பரிசுக் கோப்பையும் விற்கிற கடை வழியாக வந்தேன். உள்ளே கூரையில் ஒரு கறுப்புக் கிட்டார் தொங்கியது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். கடைக்காரர் கொக்கிக் கம்பை எடுத்து அதை இறக்கி, தூசி துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டார். மூவாயிரமாம். ஒரு மனுஷன் மெனக்கெட்டு இறக்கி, துடைத்தும் கொடுத்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. சேர்த்து வாங்குவதா, மலிவாக வாங்குவதா என்று ஒன்றரை வருஷம் வீட்டில் நடந்த வாதம் இப்படித்தான் முடிவுக்கு வந்தது.

அந்தக் கிட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பளபளப்பில் குறை கிடையாது. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சுண்டெலி குனியாமல் போகலாம். அந்த உயரத்திலிருந்து கம்பியை அமுக்கி அமுக்கி என் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனது. மூன்றாம் கம்பியை முறுக்குகிற காது வைத்த இடத்தில் நிற்காது. பாட்டின் முதல் வரியில் ஒழுங்காக இருக்கிற சுருதி, மூன்றாம் வரியில் பஸ் ஏறித் திருவேங்கடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

செல்வின் லீவுக்கு வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எம்மா, இது கிட்டாரு இல்ல. கிட்டாரு மாதிரி செஞ்ச பெட்டி."

"ஒங்க அம்மையும் வாசிக்கிறவ மாதிரிதான வாசிக்கா. சரியாப் போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

ஆனாலும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பல மாதம் பழகி, ஒரே ஒரு பாட்டைப் பிடித்துவிட்டேன். மூன்றாம் கம்பி எந்த வரியில் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்து, அதற்குத் தக்கபடி விரலைத் தள்ளி வைத்துப் பழகியிருந்தேன். நல்ல கிட்டாரில் எனக்கு அந்தப் பாட்டு வராது.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் பக்கத்துச் சபைகளில் அன்று காட்டில், தோட்டத்தில் விளைந்ததில் முதலாவதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வெளியே பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். வருகிற பணம் சபைக்கு. அன்றைக்கு மாதர் சங்கம் பாடுகிற பாட்டும் நான் பழகிய பாட்டும் ஒன்று. என் திட்டம் இதுதான்: யாரிடமும் சொல்லக்கூடாது. அவர்கள் பாட ஆரம்பித்ததும் நானும் மெதுவாக வாசிக்க வேண்டும். யாருக்கும் கேட்டுவிடவும் கூடாது. (அப்புறம் எதற்கு வாசிப்பது என்று வீட்டுக்காரர் கேட்டார். விஷயம் தெரிந்தது அவருக்கு மட்டும்தான்.)

கிட்டாரோடு தெருவில் நடப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, பழைய சேலையில் சுற்றிக்கொண்டு விடிந்தும் விடியாமல் போய்விட்டேன். எனக்கு முன்னாலேயே யாரோ ஒரு கட்டுக் கரும்பைப் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். சேலையை உருவிப் பையில் வைத்துக்கொண்டு, கிட்டாரைக் கரும்புக்குள் செருகிவிட்டேன். தோகை மறைத்துக்கொண்டது. என் இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். நல்ல மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போதகர் மாதர் சங்கத்தைக் கூப்பிட்டார். எல்லாரும் எழுந்தார்கள். என் கால் எழவில்லை. ஆலயம் நிறையத் தலை. நான் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுகிறவளைப் போலக் குனிந்தேன். ஐந்து சரணமும் முடிகிற வரை தேடினேன். ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து, பின்னால் சபையார் எல்லாருக்குமான அசனச் சாப்பாடு தயாராகிற இடத்துக்குப் போய்க் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு கிட்டாரை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. படைத்த பொருளையெல்லாம் கமிட்டிக்காரர்கள் கரும்பு உட்பட வாரிக்கொண்டு பந்தலுக்குப் போனது எனக்குத் தெரியாது.

நாலாவது கத்தரிக்காயில் இருந்தபோது ஒலிபெருக்கியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. மூன்றாம் கம்பி. உலகத்தில் வேறு எந்தக் கிட்டாரிலிருந்தும் அந்தச் சத்தம் வராது.

கத்தியைப் போட்டுவிட்டுப் பந்தலுக்கு ஓடினேன். எங்கள் ஏலக்காரர் துரைராஜ் அண்ணாச்சி ஒரு கையில் மைக்கும் மறு கையில் என் கிட்டாருமாக நின்றார்.

"இந்தா பாருங்க மக்கா, வருஷா வருஷம் பூசணிக்காயும் சேவலுமே பாத்தாச்சு. இந்த வருஷம் யாரோ ஒரு நல்ல மனசு கிட்டாரு படைச்சிருக்கு. பேரு கூட எழுதி ஒட்டல. குடுத்தா இப்படிக் குடுக்கணும்."

பக்கத்தில் போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த நிலைமையில் போய், அது படைத்ததல்ல, என்னுடையது, ஒளித்து வைத்தேன் என்று எப்படிச் சொல்வது. சொல்ல வேண்டுமென்றால் முதலில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

"அண்ணாச்சி, அது ரத வீதியில மூவாயிரத்துக்குத் தொங்குது" என்றான் ஒரு இளவட்டம்.

"ஏலே, படைச்ச பொருளுக்குக் கடை வெல சொல்லாத. சும்மா இருல. ஐநூறுல இருந்து கேளுங்க."

பெண்கள் பக்கத்தில் ரூபிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரூபி சத்துணவுக்கூடத்தில் இருந்தவள். ஒரு பள்ளிக்கூடத்தையே ஒரே அதட்டில் உட்கார வைத்த குரல்.

"ரூபி, அந்தக் கிட்டாரக் கேளுட்டி" என்றேன் அவள் காதில்.

"ஒங்களுக்கு எதுக்குக்கா கிட்டாரு?"

"பேரனுக்கு." (எனக்கு இரண்டும் பேத்தி. அது ரூபிக்கும் தெரியும்.)

ரூபி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஆயிரம் என்றாள். அண்ணாச்சி ஆண்கள் பக்கம் பார்த்தார். "ஆம்பளைக பக்கம் ஆயிரத்தி ஐநூறு" என்றார். அவர் ஏலத்தில் யார் பெயரையும் சொல்ல மாட்டார். பெயரைச் சொன்னால் மனுஷன் பின்வாங்கிவிடுவான், பக்கத்தைச் சொன்னால் பின்வாங்க மாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

இரண்டாயிரம் என்றாள் ரூபி. ஆம்பளைக பக்கம் இரண்டரை. மூவாயிரம் தாண்டியபோதே நான் விட்டிருக்கலாம். ரத வீதிக்குப் போய் அண்ணாந்து பார்த்திருந்தால் வேறொன்று கைக்கு வந்திருக்கும். ஆனால் அதன் மூன்றாம் கம்பி எந்த வரியில் இறங்குமோ, யார் கண்டது. என் பாட்டு இந்தக் கிட்டாரில்தான் இருந்தது.

ஐயாயிரம் ஆனதும் என் டப்பாவில் மிச்சம் இருந்த இரண்டாயிரம் ஞாபகம் வந்தது. ரூபியின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "போதும் ரூபி, விட்டுரு."

"சும்மா இருங்கக்கா. இவுகளுக்கு விட்டுக்கொடுக்கவா? போன வருஷம் சேவல விட்டம்லா."

"எனக்கு வேண்டாம்ட்டி."

"ஒங்களுக்குன்னு யாரு கேக்கா இப்போ?" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றே கேட்க ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் கை தட்டியது. ஆண்கள் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். அண்ணாச்சி உற்சாகத்தில் கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்கியபோது, மூன்றாம் கம்பியின் காது கழன்று பூசணிக்காய் மேல் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"ஆம்பளைக பக்கம் எட்டரை."

"ஒம்பதாயிரம்" என்றாள் ரூபி.

ஆண்கள் பக்கம் சத்தமில்லை.

"ஒரு தரம். ரெண்டு தரம். பொம்பளைக பக்கம் ஒம்பதாயிரம், மூணு தரம்."

"எடுத்தது ஜெயமணி அக்கா" என்று ரூபி என்னைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

முப்பது வருஷமாகக் காய்ச்சல் வரவழைத்து நான் தப்பித்துக்கொண்டிருந்த அத்தனை முகமும் ஒன்றாக என் பக்கம் திரும்பியது. அதே நேரத்தில் ஆண்கள் பக்கத்தில் பந்தல் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தூக்கிய ஆள்காட்டி விரல் பாதியில் நின்றது. என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு போதகர் என் தலையில் கை வைத்து ஜெபித்ததும், கிட்டாரைக் கொடுத்துப் போட்டோ எடுத்ததும் நடந்தது. எனக்கு நினைவில் இருப்பது அந்த விரல்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "நீங்க எதுக்குக் கேட்டிய?"

"நீ வாசிக்க எந்திரிக்கவே இல்லியா, விரல் நோவு தாங்காம அத ஆண்டவருக்குப் படைச்சுட்டேன்னு நெனச்சேன். படைச்சுட்டு ஓடியாந்து ஒரு முழி முழிச்ச பாரு. சரி, நம்மளே எடுத்துக் குடுத்துருவோம்னு பாத்தா, அந்த ரூபி விடமாட்டேங்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த வந்து கேட்டா என்ன?"

"பொம்பளைக பக்கம் எப்படி வர? எல்லாரும் பாப்பாவள்லா."

நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தி, அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது: இவரை நான் இத்தனை காலமும் அழுத்தக்காரர் என்று நினைத்திருந்தேன். இவரும் கூச்சக்காரர்தான்.

ஏலப் பாக்கி வைத்தால் கிறிஸ்துமஸ் முடிந்து ஆலயத்தில் பெயர் வாசிப்பார்கள். அதைத் தாங்க என்னால் ஆகாது என்று அந்த வாரமே கட்டினோம். டப்பாவில் இருந்தது போக, அவர் பல்செட்டுக்கு வைத்திருந்த ஐயாயிரமும் போனது. (அந்த வருஷம் எங்கள் வீட்டில் முறுக்கு சுடவில்லை.) மீதியைச் செல்வின் போனில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"எம்மா, மொத மூணு, இப்போ ஒம்பது. மதுரைக் கிட்டாரு வெல சரியா வந்துட்டு. கிட்டாரு மட்டுந்தான் வரல."

இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது மிக்சியோ செருப்போ மலிவாக வாங்கலாமா என்று யோசித்தால், யாராவது ஒருவர் மெதுவாக 'ஒரு தரம்' என்பார்கள். வாங்குகிறவர் நல்லதாகப் பார்த்து வாங்கிவிடுவார். மருமகள் பிரிட்ஜ் வாங்கியது அப்படித்தான்.

ஒன்பதாயிரம் கொடுத்து ஊரறிய எடுத்ததை மூலையில் போட முடியாது. பூசணிக்காய் மேல் விழுந்த காதை வீட்டுக்காரர் தறி மிஷின் ஆணி ஒன்றை வைத்து இறுக்கிக் கொடுத்தார். சுருதி இப்போது நிற்கிறது. அதனால் பாட்டை நான் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று. பண்டிகைதோறும் மாதர் சங்கத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கிறேன்.

துரைராஜ் அண்ணாச்சியும் விடுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏலத்தைத் தொடங்கும் முன்னால் மைக்கில் கேட்பார்: "ஜெயமணி அக்கா, கிட்டாரு பத்திரமா? எங்கன வச்சிருக்கிய?" ஊரே சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன வருஷமும் கேட்டார். என்ன நினைத்தேனோ, தலையைத் தூக்கினேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, "மடியிலதான் இருக்கு, அண்ணாச்சி" என்றேன்.

என் குரல் இப்படித்தான் இருக்கும் என்பது பலருக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும்.

பிறகு ஆண்கள் பக்கத்தில், பந்தல் காலுக்குப் பின்னாலிருந்து, "ஒரு தரம்" என்றார் என் வீட்டுக்காரர்.