அத்தான் செருப்பும் முதல் ஆட்டமும்

சொல்லாமல் எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் திருட்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் அக்காள் புருஷனுடைய செருப்புக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று இருபத்து நாலு வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். (அந்த வயதில் நான் நம்பிய மற்ற விஷயங்களைச் சொன்னால் இன்னும் கேவலம்.)

அப்போது சங்கரன்கோவிலில் ஒரு நூல்கடையில் எடை போடும் வேலை எனக்கு. மறுநாள் காலை கரிவலம்வந்தநல்லூரில் பெண் பார்க்கப் போகவேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் என் முகத்திலேயே விழிக்கப்போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். இடம் பார்த்துச் சொன்ன அத்தான், புளியங்குடியிலிருந்து புதுச் செருப்போடு வந்து இறங்கி, பஸ் அலுப்பில் சாயங்காலமே குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

எனக்கா, இருப்புக் கொள்ளவில்லை. கடையில் அன்று ஒரே நூல் சிப்பத்தை மூன்று தடவை எடை போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் பழைய செருப்பை மூலையில் தள்ளிவிட்டு, அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கூடவே கடைச் சிநேகிதன் சுடலைமுத்து. தேரடியில் ஒரு காபி. மனசு அடங்கவில்லை, ரதவீதியை ஒரு சுற்றுச் சுற்றி இன்னொரு காபி. அதற்குள் டூரிங் கொட்டகையில் ஆட்டம் தொடங்கப்போகும் பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஓடினோம்.

தரை டிக்கெட்டில் செருப்பு காணாமல் போவது சகஜம். அதனால் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். மணலைத் தோண்டிச் செருப்பைப் புதைத்து, மேலே மேடு கட்டி, அதன்மேல் மகாராஜா தோரணையில் உட்கார்ந்தேன். படம் ஓட்ட ஒரே மெஷின் என்பதால் படச்சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். முதல் விளக்குக்கே முறுக்கு வாங்க எழுந்து போனேன். இடத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டிய சுடலைமுத்து எனக்கு முன்னால் முறுக்குத் தட்டருகே நின்றான்! திரும்பி வந்தால், மீசையும் தொந்தியுமாக ஒரு பெரியவர் என் மேட்டின்மேல் சம்மணம் போட்டிருந்தார்.

எழுப்பத் தைரியம் வரவில்லை. பின்னால் உட்கார்ந்து இருட்டில் கையை விட்டுத் தோண்டினேன். விளக்கு வந்தால் என் முதுகைச் சொறிவேன், அணைந்தால் தோண்டுவேன்.

பெரியவர் திரும்பிவிட்டார். "என்ன வே, அங்கன தோண்டுதீரு? பெருச்சாளியா நீரு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எறும்பு."

"எறும்புக்கு இம்புட்டு ஆழமாவா வே தோண்டுவாவ?"

அடுத்த இருட்டில் ஒருவழியாக வார் கையில் தட்டுப்பட்டது. ஒரு ஜோடியை உருவிக்கொண்டு, சுடலைமுத்துவையும் மறந்து வெளியே பாய்ந்தேன். அந்தப் படத்தின் கதை இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலையில் செருப்பை மாட்டிய அத்தான் நகராமல் நின்றார்.

"என்ன மாப்ள, ஒரே ராத்திரில செருப்பு சுருங்கிட்டு?"

"பனி அத்தான்," என்றேன். (அது சித்திரை மாதம்.)

பெண் வீட்டு வாசலில் அத்தான் செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது, கொஞ்சம் பெரிதாக, புத்தம் புதிதாக. "வாங்க, வாங்க" என்று சிரித்துக்கொண்டு வந்தது அதே மீசை, அதே தொந்தி. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கண் செருப்புக்குப் போய், திரும்ப என் முகத்துக்கு வந்தது.

"ஏலே... பெருச்சாளி!"

அதற்குள் அத்தானும் குனிந்து பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, இது எஞ்செருப்புல்லா!"

"அப்போ நீரு போட்டுட்டு வந்தது என்னோடதுல்லா வே! நேத்து சங்கரன்கோவிலுக்குச் சாமான் வாங்கப் போனவன் ஒரு ஆட்டம் பாத்தேன்; புதைச்ச செருப்ப எடுக்க மணல்ல கைய விட்டா, இதுதான் கிடந்துச்சு."

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது இடமும் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மா முகம் கண்முன் வந்தது, அழுகையே வந்துவிட்டது. காபியிலிருந்து முறுக்கு வரை எல்லாவற்றையும் ஒப்பித்து, "எறும்பு இல்ல மாமா, செருப்புதான்," என்று முடித்தேன்.

உள்ளே ஒரு தம்ளர் விழுந்தது. தொடர்ந்து ஒரு பெண்ணின் சிரிப்பு, அடக்க அடக்க அடங்காத சிரிப்பு. பெரியவரின் மீசையும் ஆடத் தொடங்கியது.

"பொண்ணு பாக்க வாராவன்னு ரெண்டு நாளா சாப்பிடாம கிடந்த பிள்ள, எப்படிச் சிரிக்கா பாத்தீரா?" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உள்ள வாரும் வே."

இப்போது பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று யார் கேட்டாலும் நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொள்வாள்.

"இவுக எங்கப்பா செருப்பத் திருப்பிக் குடுக்க வந்தாவ. போகச் சொல்ல மறந்துட்டோம்."