தென்னேரியில் நான் ஓட்டிய படகு

பக்கத்து மேசைக்காரருக்கு நல்லது நடக்கும்போது முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்வதைப் போலக் கஷ்டமான உடற்பயிற்சி உலகத்தில் கிடையாது. நான் அதை ஒரு வருஷம் தினமும் செய்தேன். கன்னம்தான் இளைத்தது, வயிற்றெரிச்சல் இளைக்கவில்லை.

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நானும் மாலதியும் சிவில் துறை ஆசிரியர்கள். அவர் எனக்கு ஜூனியர். பருவநிலை மாற்ற ஆராய்ச்சிக்கு அரசு நிதி தருகிறது என்றதும் இருவரும் விண்ணப்பித்தோம். மழைக்கால ஈரப்பதம் பட்டுத் தறியின் பாவு நூலை என்ன செய்கிறது என்பது என் தலைப்பு. மாவட்டத்து ஏரிகளின் ஆழத்தை அளந்து, இனி வரப்போகும் மழைக்கும் வறட்சிக்கும் அவை தாங்குமா என்று காட்டும் நீர் வரைபடம் அவருடையது. நிதி அவருக்குக் கிடைத்தது. எனக்கு, ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது.

அவருக்குத் தனி அறை, அதில் ஏசி. கதவிடுக்கு வழியாக அந்தக் குளிர் என் முதுகுக்கும் வந்தது. (அவங்க காற்று எனக்கெதுக்கு என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அங்கே ஃபேன்கூடக் கிடையாது.) இதையாவது பொறுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு படகு வந்தது. மடியில் வைத்துக்கொள்ளும் அளவு, ஆரஞ்சு நிறம், ரிமோட்டில் ஓடும். ஓடிக்கொண்டே அடியில் எவ்வளவு ஆழம் என்று அளந்து அனுப்பும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று எங்கள் துறையே தென்னேரி ஏரிக்கரையில் நின்றது. படகு கரையோரம் மிதந்துகொண்டிருந்தது. மாலதி மடிக்கணினியைத் திறந்து விளக்கிக்கொண்டிருந்தார். ரிமோட் ஜீப்பின் மேல் அநாதையாகக் கிடந்தது. இரண்டு குச்சியைத் திருப்புவதற்கா இத்தனை பாராட்டு என்று அதைக் கையில் எடுத்தேன்.

படகு முதலில் சொன்னதைக் கேட்டது. பிறகு இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போனது. வட்டமடித்தது, கோலம் போட்டது, கடைசியில் ஆகாயத்தாமரைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது.

யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் தண்ணீர்தான். தைரியமாக அடுத்த அடி வைத்தேன், தரையைக் காணோம். மார்பு வரை போய் நின்றேன். சேறு இரண்டு காலையும் கவ்விக்கொண்டது.

வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கத்தினார்: "சார், கால ஆட்டாத சார்! ஆட்னா இன்னும் உள்ள இழுத்துக்கினு பூடும்!"

அதிகாரிகள் எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும்மா அவரு?" என்றார் அவர்களில் பெரியவர்.

மாலதி என்னைப் பார்த்தார். "எங்க சீனியர் சார். ஃபீல்டு ஒர்க்குன்னா அவருக்கு ரொம்ப இன்ட்ரஸ்ட்டு சார்."

காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

மீனவர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். நான் வந்தேன், பேன்ட் வரவில்லை. அவசரத்துக்கு, மாலதியின் திட்டப் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்த பேனரைக் கழற்றி என் இடுப்பில் சுற்றினார்கள். அதிகாரிகள் அதைப் படித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நான் தாறுமாறாக ஓட்டியபோதும் அந்தப் படகு விசுவாசமாக ஆழத்தை அளந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் விழுந்தது, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பெரும்பள்ளத்தின் ஓரத்தில். எப்போதோ மண் அள்ளியதாக இருக்கலாம் என்றார்கள்.

"நேர்க்கோட்டுலயே போனா இதெல்லாம் மாட்டாதும்மா," என்றார் பெரியவர் சந்தோஷமாக. "எல்லா ஏரியையும் குறுக்கும் நெடுக்குமா இன்னொரு வாட்டி அளங்க."

அதற்கும் நிதி வந்தது. மாலதிக்கு.

தென்னேரியில் அந்தப் பள்ளத்துக்கு 'வாத்தியார் பள்ளம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளூர் வழக்கு என்று மாலதி வரைபடத்திலும் அச்சிட்டுவிட்டார். ஒரு பிரதியை என் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினார். நான் சும்மா ஜன்னல் ஓரம் போய் நின்றேன், அவ்வளவுதான்.

"அம்மா, அப்பா பள்ளத்துல எறங்கிட்டாரு!" என்று கத்தினாள் மகள்.

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "இந்த வாட்டி எவ்ளோ ஆழம்னு கேளு."