அம்மன் சம்மதித்த டிரைவர்

அன்பு மருமகன் யென்-டிங்குக்கு, தைனானிலிருந்து மாமன் தியென்-ஃபு எழுதிக்கொள்வது. இங்கு கோயில் கணினி தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைச் சாவகாசமாகப் பிறகு விசாரிக்கிறேன். போனில் பேசினால் கோயில் தலைவர் சூ பக்கத்தில் வந்து காதை நீட்டுகிறார், அதனால்தான் விரைவுத் தபால்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கிளம்பி வர வேண்டாம். வந்தால் துப்பில்லாத செயலாளர், மருமகனைக் கூப்பிட்டுக்கொண்டார் என்பார்கள். அடுத்த வாரம் நம் கோயில் மாட்ஸு அம்மன் பிறந்தநாள். அன்றைக்கு வாசல் திரையில் காணிக்கை கட்டி விளக்கு ஏற்றியவர்கள் பெயர் ஓடாவிட்டால் என் பதவி போகும்.

நடந்ததைக் கேள். கணினியில் இருக்கும் லினக்ஸ் ‘புதுப்பிக்கவா?’ என்று கேட்டது. கோயில் கணினி ஆயிற்றே, என் இஷ்டத்துக்கு அழுத்த முடியுமா, முறைப்படி அம்மன் முன் குறி கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் போட்டேன். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்து, மூன்று தடவையும் சம்மதம். அழுத்தினேன், திரை இருண்டது, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணடித்தது. திரையை ஓட்டும் புது டிரைவர் மென்பொருளுக்கு நம் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒத்துவரவில்லை என்று போனில் சொன்னாய் நீ. நீ சொன்னதை எழுத்துக்கூட்டித் தட்டியதில் படம் வந்தது, ஆனால் ஒரேயடியாகப் பெருத்துப்போய், திரை முழுக்க அம்மனின் மூக்கு. கிழவிகள் அதற்கும் விழுந்து கும்பிட்டார்கள். இன்னொன்றைத் தட்டினேன், பெயர்கள் தலைகீழாக ஓடின. மீன்கடை ஹுவாங் வந்து, “ஏன்யா, என் வியாபாரத்தைக் கவுக்கறதுக்கா நான் விளக்கு ஏத்தினேன்?” என்று சட்டையைப் பிடித்துவிட்டார்.

பழைய டிரைவரையே திரும்பப் போடு என்று நீ சொன்னது நியாயம்தான், தலைவர் விட்டால்தானே. “அம்மா சம்மதிச்சுப் போட்டதை நீ கழட்டுவியா? அப்ப அவங்களுக்குத் தெரியலைன்னு சொல்றியா?” என்கிறார். “அவங்களுக்குத் தெரியும் தலைவரே, எனக்குத்தான் தெரியலை” என்றேன். “அப்ப அவங்களையே கேளு” என்றார். கேட்டேன். கட்டை இரண்டும் நிமிர்ந்து விழுந்தன, அப்படி விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம். மறுபடி போட்டேன், மறுபடியும் சிரிப்பு. “உன்னைப் பாத்துத்தான்யா சிரிக்கிறாங்க” என்றார் தலைவர். வீட்டுக்கு வந்தால் உன் அத்தை, “அவங்களாவது சிரிக்கிறாங்களே” என்று ஆறிப்போன சிப்பி ஆம்லெட்டை முன்னால் தள்ளினாள். யென்-டிங், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் உன் கம்ப்யூட்டர் கம்பெனிக் காகிதத்தில் தலைவருக்கு ஒரு வரி எழுது. பழைய டிரைவருக்குத் திரும்புவது பெரிய இடங்களிலும் நடப்பதுதான், யாரையும் அவமதிப்பதாகாது என்று போடு. நான் எழுதச் சொன்னேன் என்று மட்டும் போட்டுவிடாதே.

அம்மன் அருளால் உனக்கு நல்ல பெண்ணும் எட்டு மணித் தூக்கமும் வாய்க்கட்டும். உன் அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல், திரை சமாச்சாரத்தை மட்டும் மூச்சுவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் பதவியில் இருக்கும் உன் மாமன்,
கோ தியென்-ஃபு

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இன்னொரு தடவை கட்டை போட்டேன், அம்மன் மனமிரங்கிச் சம்மதித்தாள். பழைய டிரைவரைப் போட்டேன், திரை பளிச்சென்று வந்தது, வாசலில் பட்டாசே வெடித்தார்கள். நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் கணினி மறுபடி ‘புதுப்பிக்கவா?’ என்று தலைவரைக் கேட்டிருக்கிறது. அவர் முறை தவறாத மனிதர், அம்மனைக் கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் சம்மதம். இப்போது திரை கும்மிருட்டு. இது கிடைத்ததும் நீ கிளம்பி வா. இதை நான் அம்மனிடம் கேட்கவில்லை.